மூடாத சீட்டை யார் படிக்கிறார்கள்?

ஆலைப் பராமரிப்பு என்றதும் நம் பேச்சு எந்திரத்தைத் தேடியே போகும். எந்த பேரிங், எந்த எண்ணெய், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கேட்டுக்கொள்வோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சாதாரணமான ஒன்று: தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் பெரிய அடுக்ககங்களிலும் ஒர்க் ஆர்டர் என்று புழங்கும் வேலைச்சீட்டு. பம்பு சத்தம் போடுகிறது என்று ஆபரேட்டர் எழுதுகிறார். ஃபோர்மேன் பார்த்து ஃபிட்டரை அனுப்புகிறார். ஸ்டோர்ஸிலிருந்து சாமான் வருகிறது, வேலை முடிந்ததும் கையெழுத்து விழுகிறது, சீட்டு மூடப்படுகிறது. அது காகிதமாக இருந்த காலத்திலும் இப்படித்தான், கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்ட இன்றும் இப்படித்தான். மாத முடிவில் நிர்வாகம் கேட்கும் கேள்வியும் மாறவில்லை: எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது? தொண்ணூற்றைந்து சதவீதம் முடிந்தது என்று பதில் வந்தால் கூட்டம் சீக்கிரம் கலைந்துவிடும். அந்தக் கேள்வி நோயை விட்டுவிட்டு வேறெங்கோ கை வைக்கிறது என்பதே என் வாதம். ஓர் ஆலையின் ஆபத்து மூடாத சீட்டுகளில் இருக்கிறது. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது, எந்திரத்தை இயக்கப்போகிறவர் அதைப் படித்தாரா என்று கேட்க வேண்டும். மூடிய சீட்டுகளைப் பற்றிக் கேட்க வேண்டியது, அவற்றில் எழுதியிருப்பது நடந்ததா என்பது.

முதல் சான்று வடகடலிலிருந்து. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் நின்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை 1988 ஜூலை 6 இரவு வெடித்து எரிந்து 167 பேர் இறந்தனர். அங்கே கண்டன்சேட் என்னும் எளிதில் தீப்பற்றும் திரவத்தை அழுத்தித் தள்ள ஏ, பி என்று இரண்டு பம்புகள் இருந்தன. அன்று ஏ பம்பு இரண்டு வேலைகளுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஒன்று பம்பின் பெரிய பராமரிப்பு, அது இன்னும் தொடங்கியிருக்கவில்லை. மற்றது அதன் அழுத்தக் காப்பு வால்வைக் கழற்றிச் சோதிப்பது. வால்வு கழற்றப்பட்டுவிட்டது, திறந்த குழாய்வாயில் ஒரு மூடுதகடு மட்டும் வைக்கப்பட்டிருந்தது. மாலைக்குள் வால்வைத் திரும்பப் பொருத்த முடியாமல் போகவே அந்த வேலைக்கான அனுமதிச்சீட்டை நிறுத்திவைத்தார்கள். இரண்டு வேலைக்கும் தனித்தனிச் சீட்டு. ஒன்றில் மற்றொன்றைப் பற்றிய குறிப்பு இல்லை. நிறுத்திவைத்த சீட்டுகள் இருந்ததோ பாதுகாப்பு அலுவலகத்தில், கட்டுப்பாட்டு அறையில் அல்ல. இரவு ஒன்பதே முக்கால் மணியளவில் பி பம்பு நின்றது. பெரிய பராமரிப்பு தொடங்கவில்லை என்பது இரவு ஷிப்டுக்குத் தெரியும், ஆகவே ஏ பம்பை ஓட்டலாம் என்று நினைத்தார்கள். வால்வு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. பம்பு ஒரு தளத்திலும் வால்வு இருக்க வேண்டிய இடம் அதற்கு மேல்தளத்திலுமாக இருந்ததால், பம்பருகில் போய் நின்றாலும் கண்ணில் பட்டிருக்காது. பத்து மணிக்கு முதல் வெடிப்பு.

நீதிபதி கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் வெளியானது. அதில் 106 பரிந்துரைகள். தீத்தடுப்புச் சுவர், தப்பிக்கும் வழி, மற்ற மேடைகளிலிருந்து எண்ணெய் வந்துகொண்டே இருந்தது என்று அதில் பேச நிறைய இருக்கிறது. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றுதான். இங்கே யாரும் சீட்டு எழுதாமல் விடவில்லை. வால்வு கழற்றப்பட்டது தாளில் இருந்தது, அந்தத் தாள் பொய்யும் சொல்லவில்லை. வேலை செய்தவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையில் போய்வரும் பொருளாக மட்டும் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. பம்பை ஓட்டப்போகும் மூன்றாமவர் அதன் வாசகராக எங்குமே கணக்கில் இல்லை. நம் ஆலைகள் பலவற்றில் இன்றும் மெயின்டனன்ஸ் பிரிவின் கணினித்திரை வேறு, உற்பத்திப் பிரிவின் லாக்புக் வேறு. ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கடமை யாருக்கென்று எழுதப்பட்டிருப்பதில்லை.

படித்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது என்பதற்கு டெக்சாஸ் சிட்டி சான்று. 2005 மார்ச் 23 அன்று பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில், பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த ஒரு பிரிவை மீண்டும் இயக்கினார்கள். ஐம்பது மீட்டருக்கும் உயரமான கோபுரம் அளவுக்கு மேல் நிரம்பி, வழிந்து, ஆவியாகித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தனர், 180 பேர் காயமடைந்தனர். கோபுரத்தின் மட்டங்காட்டும் கருவி சரியில்லை, மட்டக் கண்ணாடியில் எதுவும் தெரிவதில்லை, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தும் பிரிவு இயக்கப்பட்டது என அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் பதிவு செய்தது. கோபுரம் நிரம்பிக்கொண்டிருந்தபோது கருவி மட்டம் இறங்குவதாகக் காட்டியது. புகார் எழுதிய கைகள் தம் கடமையைச் செய்துவிட்டன. ஆனால் அந்தப் புகாரில் "இது சரியாகாமல் ஓட்டக்கூடாது" என்று நிறுத்தும் அதிகாரம் எதுவும் இல்லை. திறந்த சீட்டு ஒன்று எந்திரத்தின் மேல் கிடக்கிறது என்றால், அதோடு ஓட்டலாம் என்று சொன்னவர் யார், எத்தனை நாளுக்கு, எந்த நிபந்தனையில் என்ற மூன்றும் அதே சீட்டில் இருக்க வேண்டும். அவை இல்லாத சீட்டு வெறும் வேண்டுகோள்தான்.

இதைவிட நமக்கு நெருக்கமான சான்று போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் மெத்தில் ஐசோசயனேட் தொட்டியிலிருந்து வாயு கசிந்தபோது அதைத் தடுக்கவும் குறைக்கவும் பல காப்புகள் இருந்திருக்க வேண்டும். தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் ஓடாமல் காத்திருப்பில் இருந்தது. வாயுவை எரித்துவிடும் சுடர்க் கோபுரத்துக்குப் போகும் குழாயில் அரித்துப்போன ஒரு துண்டு கழற்றப்பட்டு, மாற்றுத் துண்டுக்காகக் காத்திருந்தது. தண்ணீர் தொட்டிக்குள் எப்படிப் போனது என்பதில் நிறுவனத்துக்கும் மற்றவர்களுக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. காப்புகள் இயங்கும் நிலையில் இல்லை என்பதில் வழக்கில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். செலவு மிச்சம், உற்பத்தி நடக்கவில்லை, குழாய் வரட்டும். ஒரே மேசையில் மூன்றையும் விரித்து வைத்து, "இன்று இரவு தொட்டியில் ஏதாவது நடந்தால் நம்மிடம் என்ன மிச்சம்?" என்று கேட்கும் வழக்கம் அந்த ஆலையில் இருந்திருந்தால் அந்தப் பதிலைக் கேட்டு யாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க முடியாது. வேலைச்சீட்டு மேலாண்மை என்று இன்று விற்கப்படும் மென்பொருள்களில் நூறு விதமான அட்டவணைகள் வருகின்றன. ஒரே ஆபத்துக்கு எதிரான எத்தனை காப்புகள் ஒரே சமயத்தில் முடங்கிக் கிடக்கின்றன என்று சேர்த்துக் காட்டும் அட்டவணையைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்காததை விற்பவரும் தரமாட்டார்.

இனி மூடிய சீட்டுகளுக்கு வருவோம். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானம் கலிஃபோர்னியாக் கரையருகே பசிபிக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தனர். வால்பகுதிக் கிடைத்தளத்தை ஏற்றியிறக்கும் நீண்ட திருகாணியைப் பிடித்திருக்கும் நட்டின் மரைகள் தேய்ந்து அறுந்திருந்தன. திருகாணிக்கு கிரீஸ் போடும் வேலை அட்டவணையில் இருந்தது, அந்த வேலைக்குக் கையெழுத்தும் இருந்தது. கடலிலிருந்து எடுத்த திருகாணியின் இயங்கும் பகுதியில் பயன்படும் நிலையில் கிரீஸ் இல்லை. கிரீஸ் போடும் இடைவெளி 1980களின் நடுவில் சில நூறு பறப்பு மணிகளாக இருந்தது, படிப்படியாக நீட்டப்பட்டு 1996இல் எட்டு மாதம் என்றானது. 1997இல் நடந்த பெரிய பரிசோதனையில் மரையின் தேய்மானம் அனுமதித்த எல்லையைத் தொட்டிருந்தது. நட்டை மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதப்பட்டது. அடுத்து மறு அளவு எடுத்தார்கள், எண் குறைவாக வந்தது, விமானம் பறக்க அனுப்பப்பட்டது. சதவீதக் கணக்கு வைத்திருந்தால் இந்த விமானத்தின் பராமரிப்பு நூற்றுக்கு நூறு. மூடுவதை வைத்து மதிப்பிடும் இடத்தில் கையெழுத்து மலிந்துபோகும். அது தொழிலாளியின் குணக்கேடு என்று முடித்துவிடுவது எளிது, தவறும்கூட. நான்கு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, முடியவில்லை என்று எழுத இடமும் வைக்காத சீட்டு, பொய்யைத் தானே கேட்டு வாங்குகிறது.

பழைய வேலையின் உண்மை தாளில் இல்லாவிட்டால் எந்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு சிறு செய்தி. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போய், விமானி பாதி உடல் வெளியே தொங்கும்படி இழுக்கப்பட்டார். உயிர் பிழைத்தார். முந்தைய நாள் அதிகாலையில் கண்ணாடியை மாற்றியவர், கழற்றிய போல்ட்டுகளைக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். 90இல் 84 விட்டம் குறைந்தவை. இதில் பலர் கவனிக்காத பகுதி, கழற்றிய பழைய போல்ட்டுகளே நீளம் குறைந்த தவறான ரகம் என்பது. எந்திரத்தில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினால், முன்பு ஒருவர் செய்த பிழையும் நமக்கு வழிகாட்டியாகிவிடும்.

சீட்டு ஆபத்தைத் தடுக்க மட்டும்தானா? இல்லை, எதைச் செய்யாமல் விடலாம் என்று சொல்வதும் அதுதான். உயிரியலாளர் வாடிங்டன் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவுக்கு ஆய்வுப்பணி செய்தார். அந்த அனுபவத்தை எழுதிய அவர் நூல் 1973இல்தான் வெளிவந்தது. விமானங்களுக்கு 50 பறப்பு மணிக்கு ஒருமுறை பரிசோதனை. பரிசோதனை முடிந்தவுடன் எதிர்பாராத பழுதுகள் கூடுவதையும், மணிகள் போகப் போகக் குறைவதையும் பதிவேடுகளிலிருந்து அவருடைய குழு கண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் திறந்து பார்த்ததே பழுதுக்கு வழிசெய்திருக்கிறது. பிறகு 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய ஆய்வு, தாங்கள் பார்த்த விமான உதிரிகளில் 11 சதவீதம் மட்டுமே வயது கூடக் கூடப் பழுதாகும் தன்மை காட்டின என்றது. மற்ற 89 சதவீதத்துக்குக் காலக்கெடு வைத்து மாற்றுவதில் பயனில்லை. டிசி-8 விமானத்தில் 339 உதிரிகளுக்குக் காலமுறைப் பெரும் பழுதுபார்ப்பு இருந்தது, டிசி-10இல் ஏழுக்கு மட்டும். இந்த அறிவு சோதனைச்சாலையில் பிறக்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு உதிரியிலும் என்ன கண்டார்கள் என்று மெக்கானிக்குகள் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்ததிலிருந்து வந்தது. "பேரிங் மாற்றப்பட்டது, ஓகே" என்று மட்டும் எழுதும் ஆலைக்கு இந்தக் கண்டுபிடிப்பு என்றைக்கும் கிடைக்காது. கழற்றிய பேரிங் தேய்ந்திருந்ததா, புதிதுபோல் இருந்ததா என்ற ஒரு வரி இல்லாததால், தேவையில்லாத வேலையையும் அது ஆண்டு முழுவதும் கண்ணும் கருத்துமாகச் செய்துகொண்டிருக்கும். இதை வைத்துக் காலமுறை வேலையெல்லாம் வீண் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கோவை நூற்பாலைகளில் ரிங் ஃபிரேமின் டிராவலர் வளையத்தோடு உரசி உரசித் தேய்வது. அதை நாள் வைத்து மாற்றுவது சரியான கணக்கு. எது டிராவலரைப் போன்றது, எது இல்லை என்பதைத் தீர்மானிக்கத்தான் சீட்டு வேண்டும்.

எழுதிக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும் என்ற மறுப்பு எழும், அதில் பாதி நியாயம் உண்டு. இன்றைய சீட்டுகளில் பெரும் பகுதி ஃபிட்டருக்காக எழுதப்பட்டதல்ல. செலவுக் கணக்கு எண், துறை எண், பழுது வகைக்கு நீண்ட பட்டியல் என்று கணக்குப் பிரிவின் பசிக்கு அவர் தீனி போடுகிறார். இருநூறு பழுது வகைகளைக் காட்டினால் எண்ணெய்க் கையோடு நிற்பவர் முதலாவதையோ "மற்றவை" என்பதையோ தொட்டுவிட்டுப் போவார், யாராக இருந்தாலும் அப்படித்தான். என் கோரிக்கை அதிகம் எழுத வேண்டும் என்பதல்ல. என்ன கண்டேன், என்ன செய்தேன், எது மிச்சம் என்ற மூன்று வரி போதும். கணக்கு எண்ணை அலுவலகத்தில் இருப்பவர்கள் நிரப்பிக்கொள்ளட்டும். நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு மென்பொருள்கூட வேண்டியதில்லை. எந்திரத்துக்கு ஒன்றாகக் கோடுபோட்ட நோட்டு, அதை இயக்குபவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். கேஸ் ஷீட்டை நோயாளியின் கட்டிலருகே வைப்பதுபோல.

அதிர்வையும் சூட்டையும் அளக்கும் சென்சார்கள் வந்துவிட்டன, எந்திரமே தன் பழுதைச் சொல்லும்போது மனிதர் எழுதுவதற்கென்ன தேவை என்பது இன்றைய நாகரிகமான மறுப்பு. சென்சார் பேரிங்கின் நிலையைச் சொல்லும். இரவோடு இரவாக ஒருவர் இன்டர்லாக் என்னும் பாதுகாப்புப் பூட்டை வயர் போட்டுத் தாண்டிவைத்ததையோ, காவல் கம்பிவலையைத் திரும்பப் பொருத்தாததையோ, சரியான சாமான் ஸ்டோர்ஸில் இல்லாமல் வேறொன்றைப் போட்டு ஒப்பேற்றியதையோ அது சொல்லாது. அதோடு சென்சாரும் ஒரு கருவிதான், அதற்கும் பழுது வரும். டெக்சாஸ் சிட்டியில் பொய் சொன்னது ஒரு மட்டக் கருவி.

மூடுவதை அளக்காவிட்டால் வேலை தேங்கிவிடும் என்று மேலாளர்கள் அஞ்சுவார்கள். இதுதான் கனமான மறுப்பு, இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். தேக்கம் என்பது குற்றமில்லை, எந்த ஆலையும் திறந்த சீட்டு இல்லாமல் ஓடாது. வயது தெரியாத தேக்கம்தான் குற்றம். விமானத்துறையில் இதற்கு ஒரு நடைமுறை பல பத்தாண்டுகளாக உண்டு. சில கருவிகள் பழுதான நிலையிலும் பறக்கலாம் என்று குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் அனுமதிக்கிறது, ஆனால் கெடு வைத்துத்தான் அனுமதிக்கிறது. ஒரு வகைக்கு மூன்று நாள், அடுத்ததற்குப் பத்து நாள், இன்னொன்றுக்கு 120 நாள். தள்ளிவைத்த பழுது டெக்னிக்கல் லாக் என்னும் பதிவேட்டில் எழுதப்படும், புறப்படுமுன் விமானி அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டாக வேண்டும். நான் இதுவரை கேட்டதெல்லாம் இதற்குள் இருக்கிறது: வாசகர் யார் என்பது, நிபந்தனை, கெடு, பொறுப்பு. ஆலைகள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான். காப்புக் கருவிகளுக்கும், தீயணைப்பு பம்புகளுக்கும், மருத்துவமனை ஜெனரேட்டருக்கும், லிஃப்டுக்குமாவது எடுத்துக்கொள்ள எது தடை? மேலாளர் மாதக் கூட்டத்தில் கேட்க விரும்பினால் கேட்க வேண்டியது மூடிய சதவீதம் அல்ல. மிகப் பழைய திறந்த சீட்டின் வயது என்ன, மூடிய பிறகு அதே பழுதுக்காக மறுபடி வந்தவை எத்தனை, கெடு முடிந்தும் ஓடிக்கொண்டிருப்பவை எவை என்று கேட்கட்டும். அவசரம் என்ற முத்திரையையும் அப்போது ஒழுங்குபடுத்தலாம். இப்போது எல்லோரும் எல்லாவற்றுக்கும் அவசரம் என்றே எழுதுகிறார்கள். சாதாரணம் என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவசரத்தை முடிவு செய்வது கேட்டவரின் குரல் உயரமாக இல்லாமல், உற்பத்தியும் பராமரிப்பும் தினம் காலையில் பதினைந்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பளுவேற்றிகளையும் லிஃப்டுகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. ஆனால் சான்றிதழ் சொல்வது அன்றைய நிலையை, இடைப்பட்ட மாதங்களில் நடந்தது ஃபிட்டரின் சீட்டில்தான் இருக்கும்.

கடைசியாக, வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு மறுப்பு. உண்மையை எழுதிவைத்தால் நாளை விபத்து என்று வரும்போது அதே தாள் நமக்கு எதிராக நீதிமன்றத்தில் நிற்குமே! பல ஆலைகளில் சீட்டுகள் வெறுமையாக இருப்பதற்கு இந்த அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். "இன்டர்லாக் வேலை செய்யவில்லை" என்று எழுதியவருக்கு "ஏன் எழுதினாய்" என்று மெமோ போன ஆலையில், அடுத்த ஆறு மாதத்துக்கு எல்லா இன்டர்லாக்கும் வேலை செய்வதாகத்தான் தாள் சொல்லும். எழுதினால் வழக்கில் சிக்கல் வரலாம் என்பதை மறுக்கவில்லை, பழுதைத் தெரிந்தும் காலவரையின்றி ஓட்டியவருக்கு அது வரவே வேண்டும். பழுது தெரிந்து, நிபந்தனை வைத்து, கெடு வைத்து, கெடுவுக்குள் சரிசெய்த நிர்வாகத்துக்கு அந்தத் தாளைவிட நல்ல சாட்சி வேறில்லை. எழுதாத ஆலையில் தாள் இருக்காது, ஆனால் ஃபிட்டர் இருப்பார், ஆபரேட்டரும் இருப்பார். விசாரணையில் தாங்கள் வாயால் சொன்னதை இருவரும் தேதியோடு சொல்வார்கள். அப்போது அதற்கு மறுமொழியாகக் காட்ட நிர்வாகத்தின் கையில் "ஓகே" என்று மூடிய சீட்டுகள் மட்டுமே இருக்கும்.